மட்டக்களப்பில் பசுமை விடுதி தேடுவோருக்கு 26 குறிப்புகள்

மட்டக்களப்புக்கு வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று மற்ற ஊர்க்காரர் கேலி பேசுவது பழைய கதை. இப்போது வருகிறவர்கள் முதலில் ஒட்டிக்கொள்வது கைபேசித் திரையில்தான். அறை தேடினால் ‘ஈகோ’, ‘கிரீன்’, ‘நேச்சர்’ என்று பெயர் வைத்த விடுதிகள் வரிசையாக வருகின்றன. பெயரைப் பச்சையில் எழுத ஒரு பேணி பெயின்ற் போதும். வாவிக்குத் தீங்கில்லாமல் விடுதி நடத்த அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே செலவாகும்.

எங்கள் வாவி 56 கிலோமீற்றர் நீளமானது. பாலமீன்மட்டுப் பக்கத்து முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும் கடலைத் தொடுகிறது. மாரி வெள்ளம் அந்த வாய்களைத் திறந்துவிடும். கோடையில் மணல் சேர்ந்து அடைத்துவிடும். சுற்றுலாப் பயணிகள் கூடுகிற மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களும் அதே கோடைதான். ஆட்கள் பெருகும் காலத்தில்தான் வாவியில் விழும் அழுக்கு வெளியேற வழி குறைகிறது. ஆகவே இந்த ஊரில் ஒரு விடுதியின் குணத்தை வாசல் பலகையை விட அதன் கழிவுநீர்க் குழாய் சரியாகச் சொல்லும். சான்றிதழைப் படிக்கவும், சான்றிதழ் இல்லாத சிறு விடுதியை எடைபோடவும் இந்தக் குறிப்புகள் உதவும்.

இடமும் காலமும்

1. போகும் இடத்தை முடிவுசெய்த பிறகு அறை தேடுங்கள். கோட்டை, காந்தி பூங்கா, ஆனைப்பந்திப் பிள்ளையார் கோயில், பழைய கல்லூரிக் கட்டடங்கள் என்று நகரத்தைப் பார்க்க வருகிறவர்கள் புளியந்தீவில் தங்கினால் பெரும்பாலும் நடந்தே பார்த்துவிடலாம். கடற்கரையும் வேண்டுமென்றால் கல்லடி. கடலில் குளிப்பதே நோக்கமென்றால் பாசிக்குடா. பாசிக்குடாவில் அறை எடுத்துவிட்டு நாளும் நகரத்துக்கு வான் பிடிப்பது வீண் வேலை. ஒரு வழிக்கே 30 கிலோமீற்றருக்கு மேல் ஓடவேண்டும். அந்த டீசல் புகையை எந்தப் பசுமைச் சான்றிதழும் ஈடுசெய்யாது.

2. நெரிசல் இல்லாத மாதத்தைப் பாருங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மழையும் வெள்ளமும். கோடை நடுவில் கூட்டம். ஆடி அமாவாசையை ஒட்டி அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத் திருவிழாவுக்கு ஊரே திரளும். அந்த நாட்களில் வருவதென்றால் முன்கூட்டியே அறை சொல்லி வைக்கவேண்டும். மழை ஓய்ந்த பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் வாவி நிறைந்திருக்கும், வெயிலும் உச்சத்துக்குப் போயிருக்காது. நீங்கள் சேர்க்கும் சுமையும் குறைவு.

சான்றிதழைப் படிப்பது எப்படி?

3. பதிவையும் சான்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஹோட்டல், விருந்தினர் விடுதி, பங்களா, ஹோம்ஸ்டே எனப்படும் வீட்டுத் தங்கல் எல்லாவற்றையும் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வகை பிரித்துப் பதிவுசெய்கிறது. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டம் அதற்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சபையின் இணையத்தளத்தில் தேடலாம். ஆனால் சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் எல்லோரும் நிதானமாக ஓட்டுவார் என்பதில்லை. பதிவும் அப்படித்தான். நட்சத்திரங்களும் வசதியை அளப்பவை. ஐந்து நட்சத்திர ஹோட்டல் தண்ணீரை வீணாக்கலாம், நட்சத்திரமே இல்லாத வீட்டுத் தங்கல் சிக்கனமாக நடக்கலாம்.

4. நாட்டின் சொந்தச் சான்று ஒன்று உண்டு. தங்குமிடங்களுக்கென்று நிலைபேறான சுற்றுலாவுக்கான தேசியச் சான்றிதழ்த் திட்டம் ஒன்றை அதே அதிகார சபை நடத்துகிறது. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் பயோஃபின் எனப்படும் பல்லுயிர் நிதி முயற்சி இதை உருவாக்கக் கைகொடுத்தது. இலங்கையின் தண்ணீர், குப்பை, வேலைவாய்ப்பு நிலைமைகளை வைத்துப் பார்க்கும் சான்று என்பதால் விடுதிக்காரரிடம் இதைப் பற்றியே முதலில் கேளுங்கள். விண்ணப்பித்திருக்கிறோம் என்று சொன்னால், எந்த நிலையில் இருக்கிறது என்றும் கேட்கலாம்.

5. உலகச் சான்றுகளில் யார் சரிபார்த்தார் என்பதே முக்கியம். உலக நிலைபேறான சுற்றுலாப் பேரவை அளவுகோல்களை வகுக்கும் அமைப்பு. ஹோட்டல்களுக்கு அது நேரடியாகச் சான்று கொடுப்பதில்லை. சான்று வழங்கும் நிறுவனங்களை அங்கீகரிக்கிறது. அதன் அளவுகோல் நான்கு பகுதி கொண்டது: நிர்வாகம், உள்ளூர் மக்களின் வாழ்வும் வருமானமும், பண்பாடு, சுற்றாடல். ஆகவே ‘பேரவையின் சான்று எங்களிடம் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், எந்த நிறுவனம் வழங்கியது என்று கேளுங்கள். 1994இல் டென்மார்க்கில் தொடங்கிய கிரீன் கீ, அவுஸ்திரேலியாவின் ஏர்த்செக், டிராவலைஃப், கிரீன் குளோப் ஆகியவை நீங்கள் அடிக்கடி காணக்கூடிய பெயர்கள்.

6. கட்டடத்துக்கான சான்று வேறு, நடத்தைக்கான சான்று வேறு. லீட் என்பது அமெரிக்கப் பசுமைக் கட்டடப் பேரவையின் தரம். கட்டடத்தின் வடிவமைப்பும் மின்சார, நீர்ப் பயன்பாடும் அதில் பெரிதாக எடைபோடப்படும். ஜெஃப்ரி பாவா வடிவமைத்த தம்புள்ளைக் கந்தலம ஹோட்டல், அமெரிக்காவுக்கு வெளியே இந்தச் சான்றைப் பெற்ற முதல் ஹோட்டல் என்று பெயரெடுத்தது நம் நாட்டுக்குப் பெருமை. ஐஎஸ்ஓ 14001 வேறு வகை. நிறுவனத்துக்குள் ஒரு சுற்றாடல் முகாமை முறை இருக்கிறது என்பதை அது காட்டும். தண்ணீர்ச் செலவு எவ்வளவு குறைந்தது என்பதைச் சொல்லாது. எந்தச் சான்று எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு மதிப்புக் கொடுங்கள்.

7. மூன்று விவரங்களைச் சரிபாருங்கள். சான்று எந்தக் கட்டடத்துக்கு? எப்போது காலாவதி? சான்று கொடுத்த அமைப்பின் பட்டியலில் இந்த விடுதியின் பெயர் இருக்கிறதா? பல கிளைகள் கொண்ட ஹோட்டல் குழுமங்களில் ஒரு கிளை பெற்ற சான்றின் படம் எல்லாக் கிளைகளின் விளம்பரத்திலும் ஏறிவிடுவதுண்டு. வரவேற்பறையில் சட்டமிட்டு மாட்டிய தாளின் ஆண்டையும் ஒருமுறை பாருங்கள்.

8. முன்பதிவுத் தளத்தின் இலைச் சின்னத்தை மட்டும் நம்பாதீர்கள். ஹோட்டல்களே நிரப்பிக்கொடுக்கும் படிவத்தை வைத்து இலை, பூமி, பச்சை வட்டம் என்று சின்னம் வழங்கிய காலம் ஒன்று இருந்தது. புக்கிங் தளம் நடத்திய அத்தகைய திட்டம் மக்களைத் தவறாக எண்ணவைக்கக்கூடும் என்று நெதர்லாந்தின் நுகர்வோர் ஆணையம் கருத்துச் சொல்ல, 2024 மார்ச்சில் அது கைவிடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆதாரமில்லாத ‘பசுமை’ விளம்பரங்களைத் தடுக்கும் விதிகள் 2026 செப்டெம்பர் 27 முதல் நடைமுறைக்கு வரும் என்று தீர்மானிக்கப்பட்டது. பாரிஸிலோ பெர்லினிலோ இருந்து ஊருக்கு வருகிற உறவுகள், அங்கே கேட்கும் அதே கேள்வியை இங்கேயும் கூச்சமில்லாமல் கேட்கலாம்.

9. சான்று இல்லையென்பதற்காகச் சிறு விடுதியைத் தள்ளிவிடாதீர்கள். சர்வதேசச் சான்றுக்குக் கட்டணம், கணக்காய்வாளர் செலவு, காகித வேலை எல்லாம் உண்டு. நாலைந்து அறை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது பெரிய பாரம். கிணறும் தோட்டமும் உள்ள வீட்டில், மண் சட்டியில் சமைத்துப் பரிமாறும் அக்கா ஒருவரிடம் எந்தச் சான்றும் இருக்காது. ஆனால் பெரிய ஹோட்டலின் அறிக்கையில் இருக்கும் பல விடயங்கள் அங்கே நடைமுறையில் இருக்கும். அடுத்து வரும் குறிப்புகளில் உள்ள கேள்விகளைத் தொலைபேசியில் கேளுங்கள். தடுமாறாமல் பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது.

தண்ணீரும் கழிவும்

10. கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் கேட்கமுடியும் என்றால் இதைக் கேளுங்கள். கல்லடி, நாவலடி, டச்பார் எல்லாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் நிலம். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வரும். களிமண்ணில் மெல்ல மெல்ல இறங்கும் கழிவு மணலில் விரைவாக இறங்கி, கிணற்றையோ வாவியையோ எட்டிவிடும். மலகூடக் குழி நாற்புறமும் சீமெந்து பூசி மூடப்பட்டதா, எப்போது கடைசியாகப் பவுசரில் உறிஞ்சி எடுத்தார்கள், குளியல் நீரும் சமையலறை நீரும் தனியாகப் போகிறதா என்று விசாரியுங்கள். கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே 50 அடி இருக்கவேண்டும் என்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வழமையாகச் சொல்லும் கணக்கு. பெரிய ஹோட்டலென்றால் சுத்திகரிப்பு நிலையம் இருக்கவேண்டும். சுத்திகரித்த நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்களா என்று கேளுங்கள். வாவியோரப் படிக்கட்டில் நின்று கரையைப் பார்த்தாலும் தெரியும். குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால், அதன் வாயில் கரும்பச்சைப் பாசி தடித்திருந்தால், விடை கிடைத்துவிட்டது.

11. சட்டப்படி வாங்கவேண்டிய அனுமதிகளைக் கேட்கலாம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், அறைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து ஹோட்டல்கள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பெறவேண்டும். கடற்கரையில் உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம்; அதற்குள் கட்டுவதற்கு 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். விடுதிக்காரரிடம் விசாரணை அதிகாரி மாதிரி நிற்கத் தேவையில்லை. ‘உரிமம் எடுத்திருக்கிறீர்களா?’ என்ற ஒரு வரி மின்னஞ்சல் போதும். சட்டப்படி செய்யவேண்டியதைச் செய்யாமல் சான்றிதழ் மட்டும் காட்டுகிற இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

12. நீச்சல் குளம் எந்தத் தண்ணீரில் நிரம்புகிறது? மணல் நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதந்துகொண்டிருக்கும். மோட்டரால் அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறி, பக்கத்து வீட்டுக் கிணறும் உவராகிவிடும். நூறு அடி நடந்தால் கடல் இருக்கும் இடத்தில் நீச்சல் குளமில்லாத விடுதியைத் தேர்ந்தால் உங்களுக்கு ஒன்றும் குறையாது.

13. குடிநீருக்குப் போத்தல் வாங்காமல் முடியுமா என்று பாருங்கள். உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு நகரத்துக்குக் குழாய் வழியே வருகிறது. அதைக் கொதிக்கவைத்தோ வடிகட்டியோ கண்ணாடிப் போத்தலில், கூசாவில் வைத்துத் தரும் விடுதிகள் உண்டு. உங்கள் சொந்தப் போத்தலை நிரப்பிக்கொள்ள இடம் உண்டா என்று கேளுங்கள். குடும்பமாக வந்து தங்கினால் நாளொன்றுக்கு எத்தனை பிளாஸ்டிக் போத்தல் மிச்சமாகும் என்று கணக்குப் பார்த்தால் இந்தக் கேள்வியின் பலன் புரியும்.

14. துவாய், படுக்கை விரிப்பு நாளும் மாற்ற வேண்டாம் என்று வந்தவுடனே சொல்லுங்கள். கட்டில் மேல் அட்டை வைக்கும் முறை எல்லா இடத்திலும் இல்லை. வாயால் சொல்வதே நல்லது. துவைக்கும் தண்ணீரும் சவர்க்கார நுரையும் கடைசியில் போய்ச் சேருவது 10ஆம் குறிப்பில் சொன்ன இடத்துக்குத்தான்.

15. தடைசெய்யப்பட்ட பிளாஸ்டிக் இருக்கிறதா என்று ஒரு பார்வை. 20 மில்லிலீற்றர் அல்லது அதற்குக் குறைந்த ஷாம்பு சாஷேக்கள் 2021 மார்ச் 31 முதல் தடை. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய், தட்டு, கோப்பை, கரண்டி, முள்ளுக்கரண்டி, பிளாஸ்டிக் பூமாலை, இடியப்பத் தட்டு எல்லாம் தடை. குளியலறையில் சாஷே குவிந்திருந்தால், காலை இடியப்பம் பிளாஸ்டிக் தட்டிலேயே அவிந்து வந்தால், அந்த இடம் சட்டத்தையே கவனிக்கவில்லை என்று அர்த்தம். சுவரில் பொருத்திய நிரப்பும் போத்தலும் பிரம்பு இடியப்பத் தட்டும் நல்ல அடையாளங்கள்.

16. குப்பை பிரிக்கும் வாளிகளைத் தேடுங்கள். திருப்பெருந்துறையில் குப்பை கொட்டியதால் எழுந்த பிரச்சினையை இந்த நகரம் எளிதில் மறக்காது. எவ்வளவு குப்பை சேர்கிறதோ அவ்வளவும் யாரோ ஒருவரின் ஊருக்குத்தான் போகிறது. விடுதியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள்: உக்கும் குப்பை தனியாகப் போகிறதா, பசளைக் குழி இருக்கிறதா, பொலித்தீன் எரித்த கரி தெரிகிறதா? முன்பக்கத்தை விடுதிக்காரர் உங்களுக்காகக் கூட்டி வைத்திருப்பார். பின்பக்கம் நாளாந்த வழக்கத்தைக் காட்டும்.

காற்றும் மின்சாரமும்

17. கச்சான் காற்றை நினைத்து அறை கேளுங்கள். கோடையில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் அடுப்புக்குள்ளிருந்து வருகிற மாதிரிச் சுடும். மேற்கே பார்த்த கண்ணாடிச் சுவரும் தாழ்ந்த கொங்கிறீற் தட்டும் கொண்ட அறையில் பிற்பகல் முழுக்கக் குளிரூட்டி ஓடினாலும் சூடு போகாது. கிழக்கே ஜன்னல், இருபக்கக் காற்றோட்டம், ஓட்டுக்கூரை, ஆழமான விறாந்தை, மேற்குப் பக்கம் வேம்போ மாமரமோ உள்ள அறையைக் கேளுங்கள். பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரும். பழைய மட்டக்களப்பு வீடுகளில் இந்த அமைப்பைப் பார்க்கலாம். பல விருந்தினர் விடுதிகள் அந்த மாதிரி வீடுகளில்தான் நடக்கின்றன. சான்றிதழ் வாங்காத பசுமைக் கட்டடங்கள் என்று அவற்றைச் சொல்லலாம்.

18. ஏசி இல்லாத அறைக்குத் தனி விலை கேளுங்கள். இரண்டு விலை வைத்திருக்கும் விடுதிகள் பல. ஏசி வேண்டுமென்றால் 26 பாகையில் வைத்து மின்விசிறியையும் ஓடவிடுங்கள், கதவைச் சாத்துங்கள். ‘சோலார் இருக்கிறது, பயமில்லாமல் பாவியுங்கள்’ என்ற பேச்சில் மயங்காதீர்கள். கூரைச் சோலார் பகலில் மின்சாரத்தை மின்வலைக்குக் கொடுத்துப் பில்லைக் குறைக்கும். மின்கலத் தொகுதி இல்லாவிட்டால், இரவில் உங்கள் அறை ஏசி ஓடுவது மின்வலையிலிருந்து வரும் மின்சாரத்தில்தான். மட்டக்களப்பு வெக்கையில் வெந்நீர் ஹீற்றரும் பெரும்பாலான மாதங்களில் தேவைப்படாது.

19. நுளம்பு வலை கேளுங்கள். ஜன்னல் கம்பி வலையும் கட்டில் மேல் நுளம்பு வலையும் இருந்தால் இரவெல்லாம் சுருள் எரிக்கவோ மருந்து தெளிக்கவோ தேவையில்லை. தண்ணீர்த் தாங்கி மூடியிருக்கிறதா, பூச்சாடித் தட்டில் நீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் டெங்குப் பயம் உண்மையானது.

சாப்பாடும் கைவினையும்

20. வாவி தருவதை, தரும் காலத்தில் சாப்பிடுங்கள். நண்டு, இறால், கொடுவா என்று வாவிச் சாப்பாட்டுக்குப் பெயர்போன ஊர் இது. ‘இண்டைக்கு என்ன பட்டது?’ என்று கேட்டு, அதையே சமைக்கச் சொல்லுங்கள். பட்டியலில் எப்போதும் ஒரே மீன் இருந்தால் அது குளிர்பெட்டியில் வந்தது. சினை நண்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு சினை நண்டைத் தின்றால் அடுத்த பருவத்து நண்டுகளையும் சேர்த்துத் தின்ற கணக்கு. கைக்குள் அடங்கும் குட்டி நண்டையும் ஒதுக்குங்கள்.

21. பஃபே வேண்டாம், சொன்னதைச் சமைக்கும் காலைச் சாப்பாடு போதும். பிட்டு, இடியப்பம், சொதி, சம்பல் எல்லாம் அளவாகச் செய்யக்கூடியவை. முதல்நாள் இரவே எத்தனை பேர், என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டால் வீணாகாது. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல் அரிசிச் சோறா என்று கேளுங்கள். தயிரை மண்சட்டியிலேயே வாங்குங்கள். எருமைத் தயிருக்குப் பேர்போன ஊரில் பிளாஸ்டிக் கோப்பைத் தயிர் கேட்பது அழகில்லை.

22. பணம் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். வரவேற்பில் நிற்பவர், சமைப்பவர், கூட்டுபவர் எந்த ஊர்? பக்கத்துக் கிராமத்துப் பெண்களுக்கு வேலையும் பயிற்சியும் உண்டா? அறையில் விரித்திருப்பது மருதமுனை, காத்தான்குடிக் கைத்தறியா, இறக்குமதிச் சீலையா? விறாந்தையில் ஊர்ப் பன்பாய் இருந்தால் அதைப் பின்னிய கைக்கும் ஒரு கூலி போயிருக்கும். 5ஆம் குறிப்பில் சொன்ன பேரவையின் நான்கு பகுதி அளவுகோலில் உள்ளூர் வருமானமும் பண்பாடும் இரண்டு பகுதி என்பதை நினைவில் வையுங்கள். வடமோடி, தென்மோடிக் கூத்தை ஐந்து நிமிடத் துண்டாக வெட்டி இரவுச் சாப்பாட்டோடு பரிமாறும் இடத்தை விட, ஊரில் கூத்து நடக்கும் நாளைச் சொல்லி அனுப்பும் விடுதி மேலானது.

சுற்றித் திரிய

23. புகையிரதம், பஸ், சைக்கிள் என்ற வரிசையில் யோசியுங்கள். கொழும்பிலிருந்து உதயதேவியில் வந்திறங்கலாம். நகரமும் கரையோரமும் சமதரை என்பதால் சைக்கிள் மிதிப்பது எளிது. வாடகைக்குச் சைக்கிள் தரும் விடுதியா என்று முன்பே கேளுங்கள். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடிப் பக்கம் அடிக்கடி பஸ் ஓடுகிறது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போக முன்பு மண்முனைத் துறையில் படகுப் பாதைக்குக் காத்திருக்கவேண்டும். 2014இல் பாலம் திறந்த பிறகு அந்தத் தடை இல்லை. காலை வெயில் ஏறுமுன் சைக்கிளில் கல்லடிப் பாலத்தைக் கடந்து உப்போடையில் சுவாமி விபுலானந்தர் சமாதி வரை போய் வருவது நல்ல தொடக்கம்.

24. மீன் பாட்டுக்கு மோட்டர் படகு வேண்டாம். கல்லடிப் பாலத்தடியில் பூரணை இரவுகளில் மீன் பாடும் என்று கேட்டு வருகிறவர்கள் பலர். துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையில் காது வைத்துக் கேட்பது பழைய முறை. என்ஜின் ஓடினால் எந்தப் பாட்டும் கேட்காது. எண்ணெயும் நீரில் படரும். துடுப்புப் படகு ஏற்பாடு செய்யும் விடுதியைத் தேடுங்கள். கண்டல் மரங்களுக்குள் போகும்போதும் அதே விதி. பறவை கூடுகட்டும் இடத்தில் பாட்டுப்பெட்டி வேண்டாம்.

25. ‘உங்கள் பெயரில் கண்டல் கன்று நடுகிறோம்’ என்றால் ஒரு கேள்வி கேளுங்கள். இலங்கையில் கண்டல் மீள்நடுகை நடந்த 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஒரு கட்டுரை, நட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டெயரில் 200 முதல் 220 ஹெக்டெயர் மட்டுமே தேறியது என்று காட்டியது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்ட பிறகு கவனிக்காததும் முக்கியக் காரணங்கள். ஆகவே போன ஆண்டு நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது, யார் பார்க்கிறார் என்று கேளுங்கள். பதில் இல்லாத விடுதிக்குப் பசுமைக் கட்டணம் கொடுப்பதை விட, இருக்கும் கண்டலை வெட்டாமல் அதற்குப் பின்னால் தள்ளிக் கட்டிய விடுதிக்கு அறை வாடகை கொடுப்பது வாவிக்கு நல்லது.

கிளம்பும்போது

26. கண்டதை விவரமாக எழுதுங்கள், நேரில் பாராட்டுங்கள். ‘அருமையான இடம்’ என்ற விமர்சனத்தால் அடுத்து வருகிறவருக்குப் பயனில்லை. ‘குடிநீர் கூசாவில் வைத்தார்கள், துவாயைக் கேட்டால்தான் மாற்றினார்கள், சாஷே இல்லை, பின்னால் பசளைக் குழி இருக்கிறது’ என்று எழுதினால் பயனுண்டு. குறை இருந்தால் முதலில் விடுதிக்காரரிடம் கதையுங்கள். பலருக்கு அது தெரியாமல் நடந்திருக்கும், அடுத்த முறை திருத்தியிருப்பார்கள். இத்தனையையும் பார்க்க நேரமில்லாதவர்கள் முன்பதிவு செய்யுமுன் மூன்றை மட்டும் கேட்கட்டும்: கழிவுநீர் எங்கே போகிறது? குடிநீர் எதில் தருகிறீர்கள்? வேலை செய்பவர்கள் எந்த ஊர்? இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்லும் இடத்தில், சுவரில் சான்றிதழ் மாட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும், பணத்தைக் கட்டலாம்.